பவர் ஆம்ப் வந்த வீடு

மேல்வீட்டைப் பாக்கத்தான வந்தீங்க டீச்சர்? உள்ள வாங்க. சாவி எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்குதுங்க. கடைவீதி வரைக்கும் போயிருக்காரு, வந்துருவாரு. அதுல வேண்டாமுங்க, அது அவரு சேரு. பக்கத்துல இருக்கறது என்னோடது. நீங்க சோபாவுல உக்காருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ரெண்டு சேரையும் ஒரு விரக்கடை நகத்துனாக்கூட, பொறவு சரியா வெக்கறதுக்கு ஒரு பொழுதாயிருது. தரையில சாக்பீஸ் கோடு தெரியுதுங்களா? அது கோலமில்ல. சேரு காலு நிக்க வேண்டிய இடம்.

இந்தாங்க, மோரு குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க.

இந்த உடுமலையில இப்படிக் காத்தோட்டமான வீடு உங்களுக்குக் கெடைக்காதுங்க. மொட்டை மாடில நின்னா மலை தெரியும். தண்ணிக்குக் கஷ்டமே இல்ல. முன்னாடி குடியிருந்தவங்க ஏன் காலி பண்ணுனாங்கன்னு வெளிய நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க. அதனால நானே சொல்லீர்றேன். எங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க.

எங்க வீட்டுக்காரரு பேரு திருமூர்த்தி. நூல்மில்லுல மெயின்டனன்ஸ் பாத்தவரு. காலம் பூரா ஷிப்டு. ராத்திரி முழுக்க மில்லுல நின்னுட்டு வந்து பகல்ல தூங்குவாரு. அவரு தூங்கோணுமேன்னு நான் இந்த வீட்டை எப்படி வெச்சிருந்தேன் தெரியுங்களா? குக்கரு விசில் அடிக்கறதுக்கு முன்னாடி ஓடிப்போயி எறக்கீருவேன். அம்மியில அரைக்கறதைக்கூடப் பின்னாடி கொட்டாய்க்குக் கொண்டு போயிட்டேன். எம்பொண்ணு பிரபா சின்னப்புள்ளைல சாடையிலயே பேசிப் பழகீட்டா. மத்த வீட்டுல புள்ளைங்க சத்தம் போடும், எங்க வீட்டுல எவர்சில்வர் தட்டு கீழ விழுந்தாத்தான் வீட்டுல ஆளு இருக்கறதே தெரியும்.

அவரு முழிச்சிருக்கறப்பவும் பேச மாட்டாருங்க. மில்லுக்குள்ள பேசுனா பக்கத்துல இருக்கறவனுக்குக் கேக்காது. அப்படியே பேசற பழக்கம் விட்டுப்போச்சு. கெட்டவரில்ல. சோறு போட்டா சாப்புடுவாரு, 'இந்தா'ன்னு கூப்புடுவாரு, சம்பளக் கவரைச் சாமி படத்துக்கு முன்னாடி வெப்பாரு. அவ்வளவுதான். நானும் எல்லா வீட்டுலயும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ரிட்டையர்டு ஆனாரு. மத்தவங்க ரிட்டையர்டு ஆனா கோயிலுக்குப் போவாங்க, இல்ல தென்னைக்குத் தண்ணி கட்டுவாங்க. இவரு கோயமுத்தூருக்குப் போயி ஒரு ஹோம் தியேட்டரை வாங்கிட்டு வந்துட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்க. சத்தத்தை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரிச்சு விடற ரிசீவருப் பொட்டி ஒண்ணு, முன்னாடி வெக்கறதுக்கு என் இடுப்பு ஒசரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கரு, நடுவுல ஒண்ணு, பின்னாடி ரெண்டு, அது போக, கனமான சத்தத்துக்குன்னு அந்த மூலையில கெடக்குது பாருங்க, அந்த ஊஃபரு. அது பாக்கறதுக்கு அரிசி கொட்டி வெக்கற பெட்டியாட்டவே இருந்துச்சு. நான் அதுமேல தொவைச்ச துணியை மடிச்சு வெச்சேன். அவரு துணியை எடுத்துக் கட்டில்ல வெச்சாரு. நான் மறுபடி எடுத்து ஊஃபரு மேலயே வெச்சேன். அப்படியே கொஞ்ச நாளு போச்சு.

எனக்கு அது ஆகவே ஆகாதுங்க. கோவத்துல அவருகூடப் பேசறதை நிறுத்திட்டேன். அதை அவரு கவனிக்கவே இல்ல. பொறவு நானே எப்பவும்போலப் பேச ஆரம்பிச்சுட்டேன்.

ஆடி நோம்பிக்கு ஒறம்பரை வந்திருந்தாங்க. என் தம்பி, தம்பி பொண்டாட்டி ஜெயந்தி, அவ அக்கா குடும்பம். சாப்புட்டு முடிச்சதும், 'அண்ணா, புதுசா என்னமோ வாங்கியிருக்கீங்களாமே, ஒரு படம் போடுங்க'ன்னு ஜெயந்தி கேட்டா. இவருக்கு மொகமெல்லாம் மலந்துபோச்சு. படத்தைப் போட்டாரு. நல்லாத்தான் ஓடுச்சு. கடைசில ஒரு அணை ஒடையற கட்டம் வருது. தண்ணி பொங்கிட்டு வருது, எல்லாரும் வாயைப் பொளந்துட்டுப் பாக்கறாங்க, டக்குனு சத்தம் நின்னுபோச்சு. படம் ஓடுது, சத்தமில்ல. கதாநாயகி வாயை வாயை அசைக்கறா. ரிசீவருல ஒரு செகப்பு வெளக்கு மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. இவரு ஓடிப்போயி அமத்தி அமத்திப் பாக்கறாரு, ஒண்ணும் ஆகல. தொட்டா அடுப்புக்கல்லாட்டச் சுடுதுன்னாரு.

ஜெயந்தி சொன்னா, 'அண்ணா, பொட்டி மயக்கம் போட்டுருச்சாட்ட இருக்குது. மூஞ்சில தண்ணி தெளிச்சுப் பாருங்க.' எல்லாரும் சிரிச்சாங்க. என் தம்பியும் சேந்து சிரிச்சான். 'எங்க வீட்டுல வெறும் டிவிதான். ஆனாக் கடைசி வரைக்கும் பேசும்'ன்னா ஜெயந்தி. மறுபடி சிரிப்பு.

டீச்சர், அந்தப் பொட்டியை நான் என்ன வேணா சொல்லுவேன். அது என் வீட்டுப் பொருளு. அவ எப்படிச் சொல்லலாமுங்க?

அடுத்த நாளு காலைல காப்பி குடுக்கறப்பக் கேட்டேன். 'ஏனுங்க, அது ஏன் நின்னுபோச்சு?'

அவரு என்னை நிமிந்து பாத்தாரு. கோவமாக் கேக்கறேனா, நெசமாவே கேக்கறேனான்னு அவருக்குத் தெரியல. பொறவு சொல்ல ஆரம்பிச்சாரு. சொன்னாரு, சொன்னாரு, காப்பி ஆறிப்போற வரைக்கும் சொன்னாரு. கல்யாணம் ஆனதுலருந்து அவரு எங்கிட்டப் பேசுன பேச்செல்லாம் ஒண்ணாச் சேத்தாலும் அன்னைக்குக் காலைல பேசுன அளவு வராதுங்க.

'ஒரு கல்யாணப் பந்தி இருக்குதுன்னு வெச்சுக்கோ. ஒரே ஆளு சமைக்கவும் சமைச்சு, பரிமாறவும் பரிமாறுனா என்ன ஆகும்? அந்த ஆளுதான் இந்த ரிசீவரு. ஆளு கொஞ்சமா இருக்கற வரைக்கும் சமாளிச்சுக்கும். ஊரே தெரண்டு வந்தா விழுந்துரும். முன்னாடி இருக்கற ரெண்டு ஸ்பீக்கரும் நல்ல தீனி திங்கற ஆளுங்க. அதுங்களுக்குன்னு பவர் ஆம்புன்னு தனியா ஒண்ணு வெச்சம்னா, பாரத்தை அது தூக்கிக்கும். ரிசீவரு சமையலை மட்டும் பாத்தாப் போதும்.'

எனக்கு நல்லாப் புரிஞ்சுதுங்க. நான் கேட்டேன், 'அப்ப அதை ஏன் இன்னும் வாங்காம இருக்கீங்க?'

'நெசமாவா சுலோச்சனா?'ன்னாரு.

பேரைச் சொல்லிக் கூப்புட்டாருங்க. எனக்கே ஒரு நிமிசம் யாரைக் கூப்புடறாருன்னு தெரியல.

ரெண்டு பேரும் பஸ் ஏறிக் கோயமுத்தூரு போனோம். ஒரு கடைல உள்ளுக்குள்ள ஒரு ரூமு, சன்னலே இல்ல, சொவரெல்லாம் மெத்தை ஒட்டியிருக்குது. எங்களை உக்கார வெச்சு அந்தக் கடைக்காரரு ஒரே பாட்டை மொதல்ல ஒரு ஆம்புல போட்டாரு, பொறவு இன்னொரு ஆம்புல போட்டாரு. ஒரு பொண்ணு ஆடற பாட்டு. எங்க வீட்டுக்காரரு கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காரு. நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காதே. சொன்னேன், 'மொதல்ல போட்டதுல சலங்கை பாட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னுச்சு. இதுல முன்னாடி வந்து நிக்குது. ஒரு காலுல சலங்கை கொஞ்சம் தளந்து கெடக்குது போல இருக்குது.'

கடைக்காரரு பாட்டை நிறுத்திட்டாரு. 'அம்மா, மறுபடி சொல்லுங்க'ன்னாரு. மறுபடி போட்டுக் கேட்டாரு. 'சார், அம்மாவுக்கு இருக்கற காது எனக்கில்ல'ன்னாரு.

குக்கரு விசிலு வர்றதுக்கு முன்னாடி அதோட மூச்சைக் கேட்டு ஓடுன காதுதானுங்க. வேற என்ன. ஆனா எங்க வீட்டுக்காரரு என்னைத் திரும்பிப் பாத்தாரு பாருங்க. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக்கூட அப்படிப் பாக்கல.

எந்த ஆம்பு வாங்கறதுன்னு நான்தான் சொன்னேன். அவருக்கு ஆசையா இருந்துச்சே, அதுக்காகச் சொன்னேன். எனக்கென்ன தெரியும் அதைப் பத்தி.

அந்த ஆம்பு கனம்னா அப்படி ஒரு கனமுங்க. ஆட்டோக்காரரும் இவரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக் கொண்டு வந்து டிவி ஸ்டாண்டு மேல வெச்சதும் ஸ்டாண்டு நெட்டி முறிச்சுது. சமையக்கட்டு மேடைக்குன்னு ஒரு கருங்கல் பலகை வாங்கி வெச்சிருந்தேன். அதைப் போட்டு, மேல தூக்கி வெச்சோம். சமையக்கட்டு எங்கீங்க போயிருது. அது பாட்டுக்கு இருக்கும்.

ஸ்விட்ச்சைப் போட்டாரு. டப்புனு மெயின் விழுந்துருச்சு. கீழயும் இருட்டு, மேலயும் இருட்டு. அந்த ஆம்பு ஆன் ஆகறப்ப ஒரே மடக்கா கரண்டை இழுக்குமாம். மேல குடியிருந்த நவநீதன் தம்பி எறங்கி வந்துட்டாப்ல. வீட்டுலருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பாக்கற தம்பி. மேனேஜருகூடப் பேசிட்டு இருந்தாராம், பாதிலயே நின்னுபோச்சாம். மறுபடி போட்டோம், மறுபடி விழுந்துச்சு. மறுபடி வந்தாப்ல. எலக்ட்ரீசியனைக் கூட்டியாந்து மீட்டருலருந்தே தனியா ஒரு லைன் இழுத்ததுக்கப்புறந்தான் நின்னுச்சு.

அப்புறம் படம் போட்டாருங்க. நான் கீரை ஆஞ்சுட்டு உக்காந்திருந்தேன். மழை புடிச்சுக்கிச்சு. தகரக் கூரை மேல மொதல்ல ஒரு சொட்டு, அங்க ஒரு சொட்டு, பொறவு சடசடன்னு. கீரையைப் போட்டுட்டு மொட்டை மாடிக்கு ஓடிட்டேன், துணி காயுதேன்னு. பாதித் துணியைக் கையில எடுத்துட்டேன். மேல பாத்தா வெயிலு பளீர்னு அடிக்குது. நவநீதன் பொண்டாட்டி இந்துமதி வடகம் காய வெச்சுட்டு நின்னா. 'ஏன்க்கா ஓடியாறீங்க?'ன்னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்து படியிலயே உக்காந்துட்டேன். கீழ வந்து சொன்னா அவரு சிரிக்கறாரு. சத்தமாச் சிரிக்கறாருங்க. அவரு சிரிச்சா இப்படித்தான் இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். முன்பல்லு ஒண்ணு லேசாத் திரும்பியிருக்குது. அதையே அப்பத்தான் பாத்தேன்.

அதுலருந்து தெனமும் சாயங்காலம், சத்தம் சரியா வந்து விழற எடமாப் பாத்துப் போட்ட அந்த ரெண்டு சேருல ரெண்டு பேரும் உக்காந்துருவோம். படத்துல சத்தமான எடத்தை எல்லாம் நான் பெருசா நெனைக்கறதில்லீங்க. சத்தம் கொஞ்சமா இருக்கற எடந்தான் புடிக்கும். ஒரு பொம்பளை வளையலைக் கழட்டி மர மேசை மேல வெப்பா. 'கேட்டியா சுலோச்சனா?'ன்னு என் கையைத் தொட்டுக் கேப்பாரு. 'கேட்டேனுங்க. கண்ணாடி வளையல். ஒண்ணு விரிசல் விட்டது'ன்னு சொல்லுவேன். கையை எடுக்க மறந்துருவாரு. படம் முடிஞ்சதும் நான்தான் எடுத்து விடோணும்.

இந்துமதி ஒருநாளு வந்து, 'அக்கா, எங்க அலமாரில டம்ளரெல்லாம் தானா நடக்குது'ன்னா. அது அலமாரி மட்டமா இல்ல டீச்சர், வேற ஒண்ணுமில்ல. பேப்பரை மடிச்சு அடியில வெய்யி கண்ணுன்னேன். நவநீதன் தம்பிக்கும் எங்க செட்டு ரொம்பப் புடிக்கும். படம் ஓடறப்ப வந்து வாசப்படியிலயே நிப்பாப்ல. உள்ள வா தம்பின்னா வர மாட்டாப்ல. ஒருநாளு ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டாப்ல. இந்தக் காலத்துல எந்தப் பையன் பெரியவங்களை அப்படிக் கும்புடறான்?

பாவம், அந்தத் தம்பிக்கு மாத்தலாயிருச்சு. அவசரமாக் காலி பண்ணோணும்னு சொன்னாங்க. இப்ப அடுத்த வீதிலதான் குடியிருக்கறாங்க. ஆபீசு அந்தப் பக்கம் போலிருக்குது. சாமானை ஏத்திட்டுப் போறப்ப அவங்களுக்குப் புடிக்குமேன்னு ஒரு நல்ல பாட்டா வெச்சு அனுப்புனோம். லாரி முக்குத் திரும்பற வரைக்கும் கேட்டுச்சு.

மேல்வீடு காலியாவே கெடந்துச்சுங்க. வந்தவங்க எல்லாம் பாத்துட்டுச் சொல்றோம்னுட்டுப் போனாங்க. எம்பொண்ணு பிரபா ஓசூர்ல இருக்கறா. லீவுக்கு வந்தவ வாசல்லயே நின்னு, 'அம்மா, கதவு ஏன் இப்படி அதிருது?'ன்னா. உள்ள வந்து கருங்கல்லைப் பாத்தா, சாக்பீஸ் கோட்டைப் பாத்தா. 'உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? நான் வெளையாடுனா ஸ்ஸுன்னு வாயைப் பொத்துவீங்களே. இந்த ஆம்பை வித்துட்டுப் பழையபடி இருங்கப்பா. இது இருந்தா இந்த வீட்டுக்கு ஒருத்தரும் குடி வர மாட்டாங்க'ன்னா.

மக ஊருக்குப் போனதும், எங்க வீட்டுக்காரரு 'வித்துர்லாம்'ன்னாரு. அவளே ஃபோன்ல வெளம்பரம் போட்டு விட்டா.

பழனிலருந்து ஒருத்தரு வந்தாரு. அவரு வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரு மெல்லிசு துணி ஒண்ணை எடுத்து அந்த ஆம்பைத் தொடச்சாரு பாருங்க, புள்ளையை மொத மொதல்லப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறப்ப மூஞ்சி தொடைப்பமே, அப்படி. மறுபடி பேச்சு நின்னுபோச்சு அவருக்கு. என்னை 'இந்தா'ன்னு கூப்புட்டாரு.

பழனிக்காரரு போட்டுக் காட்டுங்கன்னாரு. அவரு போயி என் சேருல உக்காந்துட்டாரு. நான் சமையக்கட்டுக் கதவு நெலையில சாஞ்சுட்டு நின்னேன். இவரு அந்த வளையல் எடத்தைப் போட்டாரு. வளையலை வெக்கற சத்தம் வந்துச்சு. இவரு பழக்கத்துல பக்கத்துச் சேரு பக்கம் கையை நீட்டிட்டு, 'கேட்டியா?'ன்னு திரும்புனாரு. அங்க பழனிக்காரரு உக்காந்திருக்காரு. கை அப்படியே நின்னுபோச்சு டீச்சர். மடிக்கவும் தெரியல, வெக்கவும் தெரியல.

'அருமைங்க. நானே எடுத்துக்கறேன்'ன்னு பழனிக்காரரு எந்திரிச்சாரு.

நான் உள்ள வந்து, 'அதுல கோளாறு இருக்குதுங்க'ன்னேன்.

'என்ன கோளாறுங்கம்மா?'

'ரொம்பச் சுடும்.'

அவரு கையை வெச்சுப் பாத்தாரு. 'சுடவே இல்லீங்களே.'

'அப்பப்ப நின்னுரும்.'

எங்க வீட்டுக்காரரு, 'அது ரிசீவரு. ஆம்பு வந்தப்புறம் நின்னதே இல்ல'ன்னாரு. பொய் சொல்லத் தெரியாத மனுசனை வெச்சுட்டு என்ன பண்றதுங்க?

வேற வழியில்லாமச் சொன்னேன், 'எனக்கு அது வேணும்.'

கட்டிட்டு வந்ததுலருந்து ஒரு சேலை வேணும், ஒரு வளையல் வேணும்னு அவருகிட்டக் கேட்டதில்லீங்க. குடுத்ததை வாங்கிக்குவேன். அன்னைக்கு யாரோ ஒருத்தரு முன்னாடி அப்படிக் கேட்டுட்டேன். பழனிக்காரரு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. நல்ல மனுசன். 'நீங்களே வெச்சுக்கங்கம்மா'ன்னு சிரிச்சுட்டுச் சாப்புட்டுட்டுத்தான் போனாரு. எங்க வீட்டுக்காரருக்காகத்தான் வேணும்னு சொன்னேனே தவிர எனக்கொண்ணும் அதுமேல ஆசையில்லீங்க. அவரு சந்தோசமா இருந்தாச் சரி. பழனிக்காரரு அந்தப் பக்கம் போனதும் நான்தான் வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வெச்சேன்.

அவ்வளவுதான் டீச்சர் வெவரம். இதுல குடியிருக்கறவங்களுக்கு என்ன தொந்தரவு இருக்குது, நீங்களே சொல்லுங்க.

ஆமா, நானே பேசிட்டு இருக்கறேன். உங்க வீட்டுக்காரரு என்ன பண்றாருன்னு கேக்கவே இல்ல. மெல்லிசைக் குழுவுலயா? பாடறாருங்களா?

டிரம்ஸுங்களா. வீட்டுலயே வெச்சுப் பழகுவாருங்களா. தெனமுமா.

டீச்சர், வெளிப்படையாச் சொல்லீர்றேன், மனசுல வெச்சுக்காதீங்க. அது நமக்கு ஒத்து வராதுங்க. நாங்க வயசானவங்க, அமைதியா இருந்து பழகுனவங்க. மேல இருந்து ஒருத்தரு திமுதிமுன்னு அடிச்சுட்டு இருந்தா கீழ மனுசன் எப்படிங்க இருக்கறது? ஒரு வீட்டுல குடியிருந்தா அடுத்தவங்களை நெனச்சுப் பாக்கோணுமில்ல? ஏனுங்க சிரிக்கறீங்க?

இருங்க, எந்திரிக்காதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கீழ ஒரு பெரிய டிரம்மு இருக்குமே, காலுல மிதிச்சு அடிப்பாங்களே, அதுவும் வெச்சிருக்காருங்களா? கிட்டக்க நின்னு கேட்டா எப்படி இருக்கும்? நெஞ்சுல வந்து இடிக்குமுங்களா, இல்ல வயித்துலயா?

வாசல் கேட்டுச் சத்தம் கேக்குது. அவருதான். ஏனுங்க, இங்க வாங்க. டீச்சரு மேல்வீட்டைப் பாக்க வந்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரரு டிரம்ஸ் வாசிக்கறாராம். ஆமாங்க, நெச டிரம்ஸ். காலுல மிதிக்கறதும் இருக்குதாம்.

பாருங்க டீச்சர், பையைக்கூடக் கீழ வெக்காம நிக்கறாரு.

வாடகை கீடகையெல்லாம் பொறவு பேசிக்கலாமுங்க. உங்க வீட்டுக்காரரை நாளைக்குச் சாயங்காலம் டிரம்மோட வரச் சொல்லுங்க. இந்த ஹால்லயே வெச்சு ஒரு தடவை வாசிக்கட்டும். பொறவு அதையே எங்க செட்டுலயும் போட்டுப் பாத்துர்லாம், எது நெசம்னு தெரியுதான்னு. அக்கம்பக்கத்துல ஏதாச்சும் சொல்லுவாங்களோன்னு நீங்க யோசிக்கவே வேண்டாம். இந்தப் பக்கத்து வீடும் அந்தப் பக்கத்து வீடும் கொஞ்ச நாளாக் காலியாத்தான் கெடக்குது.